ஏறு கருவியும் தடையும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் செங்குத்தாக ஏறும் உடற்பயிற்சிக் கருவியைப் பற்றியவை. ஒரு தூண், அதில் மேலும் கீழும் ஓடும் இரண்டு வண்டிகள், ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மிதி, ஒரு கைப்பிடி. ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். பார்க்க எளிமையான கருவிதான். ஆனால் இதன் தடை அமைப்பில் பலரும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: டிரம்மைச் சுற்றி பெல்ட் போட்டு, திருகை முறுக்கி இறுக்கும் பிரேக் வைத்திருக்கிறேன். திருகு கொஞ்சம் தளர்ந்தால் மிதி சட்டென்று கீழே விழுகிறது. கொஞ்சம் இறுகினால் அசையவே மாட்டேன் என்கிறது. நடுவில் ஒரு நிலை கிடைக்கவே இல்லை. என்ன செய்யலாம்?

திருகிலும் பெல்ட்டிலும் குறை இல்லை. உரசல் பிரேக்கின் இயல்பே இதுதான்.

பளு தூக்கும் கருவியில் எவ்வளவு விசை வேண்டும் என்பதைப் பளு தீர்மானிக்கிறது. ஏறு கருவியில் விசை முன்பே தீர்மானமாகிவிட்டது. அது உங்கள் எடை. 70 கிலோ உள்ளவர் இறங்கும் மிதியில் முழு எடையையும் வைத்தால் அங்கே விழும் விசை சுமார் 690 நியூட்டன். பிரேக் செய்ய வேண்டிய வேலை, அந்த எடை எவ்வளவு வேகத்தில் இறங்கலாம் என்று சொல்வது மட்டுமே. தடை என்று நாம் சொல்வது உண்மையில் வேகக் கட்டுப்பாடு.

உரசல் பிரேக்குக்கு வேகம் தெரியாது. மெதுவாக ஓடினாலும் விரைவாக ஓடினாலும் ஏறக்குறைய அதே விசையைத்தான் தரும். அந்த விசை உங்கள் எடையைவிடக் குறைந்தால் மிதி வேகம் பிடித்துக்கொண்டே போகும், கூடினால் நின்றுவிடும். போதாததற்கு, நின்றிருக்கும் பெல்ட்டை நகர்த்தத் தேவையான விசை ஓடும் பெல்ட்டுக்குத் தேவையானதைவிட அதிகம். அதனால்தான் ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டி என்று உதறுகிறது. அந்த உதறலைத் தவிர்க்க நாம் அறியாமலே எடையில் ஒரு பகுதியை ஏறும் காலுக்கு மாற்றிக்கொள்கிறோம். பயிற்சி அங்கேதான் வீணாகிறது.

வேகம் கூடக் கூடத் தடையும் கூடும் பிரேக்தான் இந்தக் கருவிக்கு ஏற்றது. காந்தமும் அலுமினியத் தட்டும் சேர்ந்த சுழல் மின்னோட்ட பிரேக் (காந்தத்தைக் கடக்கும் தட்டில் எழும் மின்னோட்டமே தட்டைப் பிடிக்கும்), காற்றாடி, எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளும் டாம்பர் மூன்றும் அந்த வகை. இவற்றில் காந்த பிரேக்கையே முதலில் சொல்வோம். தேய எதுவும் இல்லை, சத்தம் இல்லை, சரிசெய்வதும் எளிது.

கேள்வி: காந்த பிரேக்குக்குத் தட்டு, காந்தம், பல்சக்கரம் எல்லாம் என்ன அளவில் எடுப்பது?

கணக்கை மிதியிலிருந்து தொடங்குங்கள். சீராக ஏறுபவரின் மிதி நொடிக்கு 0.25 மீட்டர் இறங்கும். விரைந்து ஏறினால் 0.5 மீட்டர். 70 கிலோ எடைக்கு 0.25 மீட்டர் என்றால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 170 வாட்.

தூணின் மேலே, வண்டிகளின் சங்கிலி ஏறும் ஷாஃப்டில் (சுழலும் அச்சில்) 18 பல் சைக்கிள் பல்சக்கரம் போட்டால் ஒரு சுற்றுக்கு 229 மி.மீ. சங்கிலி ஓடும். அந்த வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 66 சுற்றுதான் சுற்றும். இதிலேயே தட்டைப் பூட்டினால் பிரேக் கிட்டத்தட்ட இல்லாத மாதிரி இருக்கும். எனவே 48 பல், 12 பல் கொண்ட இரண்டாம் சங்கிலி வைத்து வேகத்தை 4 மடங்காக்குங்கள். தட்டு நிமிடத்துக்கு 260 சுற்றுக்கு வந்துவிடும்.

தட்டு 300 மி.மீ. விட்டம், 6 மி.மீ. தடிப்பு. கலப்பு குறைந்த அலுமினியத் தகடே வேண்டும். கடினமான கலவைகளில் மின்கடத்தல் குறைவு. தடையும் அதே விகிதத்தில் குறையும். காந்தம் 30 மி.மீ. விட்டம், 10 மி.மீ. தடிப்புள்ள நியோடிமியம், 4 ஜோடி. தட்டின் மையத்திலிருந்து 125 மி.மீ. தூரத்தில் அவற்றின் மையம் வர வேண்டும். தட்டின் இரு பக்கமும் எதிரெதிராக நிற்கும் காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கும்படியும், பக்கத்துப் பக்கத்தில் உள்ளவை வடக்கு, தெற்கு என்று மாறி மாறியும் இருக்கட்டும். காந்தங்களுக்குப் பின்னால் 8 மி.மீ. இரும்புப் பட்டை கட்டாயம். அது இல்லாமல் பிளாஸ்டிக்கில் ஒட்டினால் காந்தப் புலத்தில் பெரும்பகுதி வெளியே சிதறிப்போகும். தட்டுக்கும் காந்தத்துக்கும் ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. இடைவெளி விடுங்கள். தட்டு அந்த இடைவெளிக்குள் தள்ளாடாமல் சுற்ற, லேத்தில் முகம் பிடித்துக் கடைந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தடை கூட வேண்டும் என்று வேகப் பெருக்கத்தை 8 மடங்கு, 10 மடங்கு என்று ஏற்றாதீர்கள். 6 மி.மீ. அலுமினியத் தட்டில், காந்தத்தைக் கடக்கும் வேகம் நொடிக்கு 7, 8 மீட்டரைத் தாண்டியதும் தடை கூடுவது நின்று குறையத் தொடங்கும். விரைந்து ஏறுபவருக்குக் கால் திடீரென்று நழுவுவது போல இருக்கும். 4 மடங்கில் உச்ச வேகமே 7 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது.

கேள்வி: தடையைக் கூட்டிக் குறைக்கக் காந்தத்தை நகர்த்துவதா, இடைவெளியை மாற்றுவதா? எவ்வளவு வீச்சு தேவை?

காந்தச் சட்டத்தையே தட்டின் மேல் உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதும்தான் நல்லது. தட்டை மூடும் பரப்பு சீராக மாறும். தடையை மாற்றும் கைப்பிடி நிற்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தடை ஏறக்குறைய சமமாகக் கூடும். இடைவெளியை மாற்றினால் முதல் 2 மி.மீ.க்குள்ளேயே பாதி வித்தியாசம் முடிந்துவிடும். மீதித் தூரத்துக்குத் திருகினாலும் ஒன்றும் தெரியாது.

வீச்சைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 40 கிலோ உள்ளவர் நொடிக்கு 0.5 மீட்டர் ஏற வேண்டும். 100 கிலோ உள்ளவர் 0.15 மீட்டரில் மெதுவாக ஏற வேண்டும். விசையை வேகத்தால் வகுத்தால் முதலாமவருக்கு சுமார் 780, இரண்டாமவருக்கு 6,500. அதாவது 8 மடங்குக்கு மேல். காந்தச் சட்டம் தட்டைவிட்டு ஏறக்குறைய முழுதாக வெளியே வரும்படி வழி விட்டால்தான் இந்த வீச்சு கிடைக்கும்.

இனி எல்லாவற்றிலும் முக்கியமானது. காந்தச் சட்டத்தை உள்ளே இழுக்கும் வேலையை ஸ்பிரிங்குக்குக் கொடுங்கள். வெளியே இழுக்கும் வேலையைக் கேபிளுக்குக் கொடுங்கள். என்றைக்காவது கேபிள் அறும். அன்று ஸ்பிரிங் காந்தத்தைத் தட்டுக்குள் இழுத்துவிடும், மிதி மிக மெதுவாக இறங்கும். இதை மாற்றி அமைத்திருந்தால் அறுந்த நொடியில் தடை முழுவதும் போய், ஏறிக்கொண்டிருப்பவர் முழு எடையோடு தூணின் அடியில் உள்ள தடுப்பு முட்டில் மோதுவார். முழங்கால் தாங்காது. தடையை மாற்றும் எந்தப் பொறியை வரைந்தாலும், இது அறுந்தால் எந்தப் பக்கம் போகும் என்ற கேள்வியை வரைபடத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். இரண்டாம் சங்கிலியே அறுந்தால் ஸ்பிரிங்கும் உதவாது என்பதால், அடியில் 40 மி.மீ. கெட்டி ரப்பர் முட்டும் வேண்டும்.

கேள்வி: வண்டி மேலும் கீழும் போகிறது. தட்டு மட்டும் ஒரே திசையில் சுற்றுவது எப்படி?

இரண்டு ஃப்ரீவீல் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பல்சக்கரம்), ஒரே ஷாஃப்ட். இடது வண்டியின் சங்கிலி மேலே போய், முன்பக்கமாக ஏறி ஃப்ரீவீலைச் சுற்றிப் பின்பக்கம் இறங்கட்டும். வலது வண்டிக்கும் அப்படியே. பின்னால் தொங்கும் இரண்டு நுனிகளையும் ஒரு கம்பிக் கயிற்றால் இணைத்து, அடியில் உள்ள ஒரு கப்பியின் கீழாகக் கொண்டுபோங்கள். இடது வண்டி இறங்கும்போது அதன் பின் நுனி மேலே போகும். கயிறு வலது நுனியைக் கீழே இழுக்கும். வலது வண்டி ஏறும். இறங்கும் பக்கத்து ஃப்ரீவீல் ஷாஃப்டைப் பிடித்துத் திருப்பும், ஏறும் பக்கத்தது சும்மா ஓடும்.

4 மி.மீ. கயிற்றுக்கு 80 மி.மீ.க்குக் குறைந்த கப்பி வேண்டாம். சிறிய கப்பியில் மடிந்து மடிந்து இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து முள்ளாக நீட்டிக்கொள்ளும். முதல் முள் தெரிந்ததுமே கயிற்றை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு அடிக்கும் "டக்" என்று ஒரு சத்தம் வருகிறது. கால் ஒரு சென்டிமீட்டர் சும்மா இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது.

காரணம் சைக்கிள் ஃப்ரீவீலின் உள்ளே உள்ள பற்கள். உள்ளே 18 பல் இருந்தால் நாக்கு அடுத்த பல்லில் விழ 20 டிகிரி வரை சுற்ற வேண்டும். 18 பல் சக்கரத்தில் அது 13 மி.மீ. இறக்கம். உங்கள் கால் உணர்வது அதைத்தான். அதற்குப் பதிலாக ஒருவழி ரோலர் பேரிங் போட்டால் ஓரிரு டிகிரியில் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதை வெறும் மைல்ட் ஸ்டீல் ஷாஃப்டில் ஏற்றாதீர்கள். உருளைகள் ஷாஃப்டில் பள்ளம் விழுத்தும்; சில வாரங்களில் வழுக்கத் தொடங்கும். கடினப்படுத்தி அரைத்த ஷாஃப்டே வேண்டும். 70 கிலோவுக்கு ஷாஃப்டில் வரும் முறுக்கு 25 நியூட்டன் மீட்டர். குதித்து மிதிப்பவரையும் கணக்கில் சேர்த்து 75க்குக் குறையாத பேரிங் எடுங்கள். கெட்டியான கிரீஸ் வைத்து அடைப்பதும் ஆகாது. உருளைகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு பிடிக்கத் தாமதிக்கும்.

பேரிங்கை மாற்றிய பிறகும் அடிக்கு அடி தள்ளாட்டம் இருந்தால் காரணம் ஃப்ளைவீல் (சுழற்சியை நிற்காமல் தொடர வைக்கும் கனமான சக்கரம்) இல்லாமை. அலுமினியத் தட்டின் எடை 1.1 கிலோதான். கால் மாறும் 0.2 நொடிக்குள் அது நின்றேவிடும். அதே ஷாஃப்டில், காந்தத்துக்கு எட்டாத தூரத்தில், 250 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. தடிப்பும் உள்ள இரும்புச் சக்கரம் ஒன்றைப் பூட்டுங்கள். எடை சுமார் 7.7 கிலோ. கால் மாறும் நேரத்தில் பாதி வேகமாவது மிஞ்சும். அடுத்த அடி அதன் மேல் மென்மையாக ஏறும்.

கேள்வி: வண்டி பாதி வழியில் சிக்கிக்கொள்கிறது. எண்ணெய் விட்டும் பயனில்லை.

மிதி தூணிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, வண்டியின் மேல் புஷ்ஷுக்கும் (தூணில் வழுக்கி ஓடும் வளையம்) கீழ் புஷ்ஷுக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். மிதி 200 மி.மீ. தள்ளி, உரசல் கெழு 0.25 என்றால், புஷ்களுக்கு இடையே 100 மி.மீ.க்குக் குறைவாக இருக்கும் வண்டி எவ்வளவு மிதித்தாலும் இறங்காது. மிதிக்க மிதிக்க இறுகும். ஒரு பக்கமாக இழுத்தால் கோணிக்கொள்ளும் மேசை இழுப்பறையின் கதைதான். தூரத்தை 200 மி.மீ.க்குக் கூட்டுங்கள். புஷ்ஷை எடுத்துவிட்டு பேரிங் வைத்த நைலான் உருளை போட்டால் இன்னும் நல்லது. அப்போதும் இடைவெளியைக் குறைக்க வேண்டாம், 100 மி.மீ. தூரத்தில் ஒவ்வொரு உருளையும் 1,400 நியூட்டன் தாங்க வேண்டிவரும், 200 மி.மீ. என்றால் அதில் பாதி.

கேள்வி: பத்து நிமிடம் ஏறியதும் தடை இளகிவிடுகிறது. காந்தம் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நீங்கள் செலவிடும் 170 வாட்டும் தட்டில் வெப்பமாகிறது. அந்த 1.1 கிலோ தட்டு, காற்றோட்டம் இல்லாத மூடிக்குள் முதல் நிமிடங்களில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடாகும். 50 டிகிரி கூடினால் அலுமினியத்தின் மின்தடை 20 சதவீதம் ஏறும். பிரேக்கின் பிடி ஆறில் ஒரு பங்கு குறையும். மூடியின் அடியிலும் மேலேயும் துளைகள் விடுங்கள். விரல் நுழையாத கம்பி வலை போட மறக்க வேண்டாம். காந்தம் 80 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். சாதாரண நியோடிமியம் அதற்கு மேல் நிரந்தரமாக வலு இழக்கத் தொடங்கும்.

கேள்வி: ரப்பர் பட்டை, ஸ்பிரிங், பைக் ஷாக் அப்சார்பர் இவற்றைத் தடையாக வைக்கலாமா?

ரப்பரும் ஸ்பிரிங்கும் வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தந்துவிடும். கால் ஏறும்போது அவையே தூக்கிவிடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் மிகக் கொஞ்சம். தொடர்ந்து 170 வாட் கொடுத்தால் சூடேறி, எண்ணெய் நீர்த்து, தடை வேகமாக இறங்கிவிடும்.

கேள்வி: தடையின் எண்ணுக்கும் உண்மையான உழைப்புக்கும் உள்ள தொடர்பை எப்படி அளப்பது?

ஃப்ளைவீலைப் பூட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒரு மிதியில் 40 கிலோ மணல் மூட்டையைக் கட்டுங்கள். தூணில் அளவு நாடா ஒட்டி, மூட்டை இறங்குவதை கைப்பேசியில் படம் பிடியுங்கள். கடைசி 20 செ.மீ.யை மட்டும் கணக்கில் எடுங்கள். நொடிக்கு 30 சட்டகம் ஓடும் படத்தில் அந்தத் தூரம் 30 சட்டகம் எடுத்தால் வேகம் நொடிக்கு 0.2 மீட்டர். 40 கிலோ என்பது 392 நியூட்டன், அதை 0.2 ஆல் வகுத்தால் அந்தப் பள்ளத்தின் எண் 1,960. ஒவ்வொரு பள்ளத்துக்கும் இப்படி ஒரு எண் எழுதி வையுங்கள். பிறகு ஏறும்போது அந்த எண்ணை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும். 0.3 மீட்டரில் ஏறினால் 176 வாட்.

வேகம் அளக்கும் உணரியைத் தட்டில் வைக்காதீர்கள். கால் நின்ற பிறகும் ஃப்ளைவீல் ஓடுவதையும் சேர்த்து எண்ணிவிடும். சங்கிலி ஏறும் பல்சக்கரத்தில் வைத்து, இறங்கும் திசையை மட்டும் எண்ணுங்கள்.

கேள்வி: ஏறி நிற்கும்போதே மிதி இறங்கிவிடுகிறதே?

காந்த பிரேக் ஓடும்போதுதான் பிடிக்கும், நிற்கும்போது பிடிக்காது. எப்போதும் முதலில் கீழே இருக்கும் மிதியில் ஏறுங்கள். முதியவர்கள் பயன்படுத்தும் கருவி என்றால், ஏறி முடிக்கும்வரை வண்டியைப் பூட்டி வைக்க ஸ்பிரிங் வைத்த ஊசி ஒன்று அமையுங்கள். விற்பனைக்குச் செய்பவர்கள் ஏறு கருவிகளுக்கான பாதுகாப்புத் தரமான ஐ.எஸ்.ஓ. 20957-8ஐ வரைபடம் போடும் முன்பே படித்துவிடுவது நல்லது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்தக் காந்தங்களைக் கையில் எடுத்துப் பூட்டும் வேலையில் இறங்கவே கூடாது. மற்றவர்களும் இரண்டு காந்தப் பட்டைகளை இணைக்கும்போது நடுவில் மரக்கட்டை வைத்து, அதை மெல்ல உருவி இறக்குங்கள். வெறும் கையால் பிடித்தால் விரல் நசுங்கும்.