துணியில் முகம் வரைந்து குவில்ட் (நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் அடுக்குத் துணி) செய்கிறேன், பாதியில் கெட்டுவிடுகிறது, மனம் விட்டுப்போய் மடித்து வைத்துவிடுகிறேன். எப்படி மீள்வது?

மடித்து வையுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். "முகம் வரவில்லை" என்று நாம் கைவிடுகிற பலவற்றில் நிறம் சரியாகத்தான் இருக்கும், வெளிச்சமும் நிழலும்தான் காலை வாரியிருக்கும். நிழல் சரியாக விழுந்தால் முகத்துக்கு ஊதா அடித்தாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். கன்னமும் மூக்கின் ஓரமும் ஒரே அழுத்தத்தில், அதாவது ஒரே அளவு வெளிச்சத்தில் அல்லது இருட்டில், இருந்தால் தோல் நிறத்தை எத்தனை முறை கலந்தாலும் பயனில்லை. அதனால் நான் மூலப் படத்தை நான்கைந்து அழுத்தங்களாகப் பிரித்து, அந்த எல்லைகளைத் துணியில் வரைந்துகொண்ட பிறகுதான் தூரிகையைத் தொடுவேன். இன்னொன்று, தண்ணீர் கலந்த பெயிண்ட் ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிந்து காய்ந்ததும் வெளுத்துவிடும், ஆகவே காயும் வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

உதட்டு நிறம் தாடைக்குக் கசிந்தது என்றால் பெயிண்டில் தண்ணீர் அதிகம், அல்லது துணியின் நெசவு தளர்வு. நெருக்கமாக நெய்த பருத்தியைக் கஞ்சி போகத் துவைத்து எடுத்துக்கொண்டு, வெளிர் நிறத்தில் தொடங்கி மெல்லிய பூச்சுகளாக அடர்த்திக்குப் போவதுதான் நல்லது. கருத்துப்போன இடத்தின் மேல் வெள்ளை அப்பி மீட்கலாம், மீளவும் செய்யும், ஆனால் அந்த இடம் விறைத்துப்போய் ஊசி இறங்கும்போது அடம்பிடிக்கும்.

சரி, உண்மையான கண்டம் தையலில் இருக்கிறது. மேல் துணி, நடுவே பஞ்சு அடுக்கு, அடியில் ஒரு துணி என்று மூன்றையும் சேர்த்துத் தைக்கத் தொடங்கியதும் அது ஓவியமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. ஒவ்வொரு தையலும் ஒரு கோடு, ஒவ்வொரு கோடும் ஒரு சிறு பள்ளம், பள்ளத்தில் நிழல் விழும். சின்னப் பெண்ணின் நெற்றியில் கருத்த நூலால் குறுக்கே நாலு வரி ஓட்டினால் அவளுக்கு அறுபது வயது ஆகிவிடும். அதற்குப் பயந்து முகத்தை மட்டும் தைக்காமல் விட்டுப் பின்னணியை நெருக்கமாகத் தைத்தால், பின்னணி சுருங்க, முகம் அம்மைக்கட்டு வந்ததுபோல் உப்பிவிடும். முகத்தையும் பின்னணியையும் ஓரளவு ஒரே நெருக்கத்தில் தைத்து, முகத்தில் மட்டும் கன்னத்தின் வளைவோடு போகும்படி, பெயிண்டோடு கலந்துபோகும் நிறத்தில் மெல்லிய நூல் போட்டால் இரண்டும் குறையும். தைத்தது பிடிக்கவில்லை என்று உடனே பிரிக்கவும் கூடாது, வெறும் பருத்தியில் ஊசி ஓட்டை துவைத்தால் மூடிக்கொள்ளும், பெயிண்ட் படிந்த இடத்தில் அப்படியே நிற்கும்.

அப்படியும் பின்னணி பாழாகி முகம் மட்டும் தேறினால் கத்தரிக்கோலை எடுங்கள். முகத்தை ஓரத்தோடு வெட்டி வேறு துணியில் வைத்துத் தைத்துவிடலாம், கண் கெட்டிருந்தால் புதிதாக ஒரு கண் வரைந்து வெட்டி மேலே ஒட்டலாம். குவில்ட்டில் ஒட்டுப் போட்டால் யாரும் குறையாகப் பார்க்க மாட்டார்கள், அதன் பிறவிக் குணமே அதுதான். எண்ணெய் ஓவியம் வரைகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது (அவர்களிடம் இதைச் சொல்லி வெறுப்பேற்றியிருக்கிறேன்).

மனம் விட்டுப்போவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அறிவுரையைவிட அமெரிக்க ஓவியர் ஃபெய்த் ரிங்கோல்டின் கதை உதவுகிறது. ஆடை வடிவமைப்பாளரான தன் தாய் வில்லி போசியோடு சேர்ந்து 1980-இல் அவர் செய்த முதல் குவில்ட்டே நியூயார்க்கின் ஹார்லெம் பகுதி மக்களின் முகங்களை வரைந்து கோத்ததுதான். அவருடைய சுயசரிதையை வெளியிடப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. அதனால் கதையைக் குவில்ட்டின் மேலேயே எழுதத் தொடங்கினார், 1983-இல் முதல் கதைக் குவில்ட் வந்தது. சுயசரிதை அச்சானது 1995-இல். அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் பதிப்பாளருக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

உங்கள் மடித்து வைத்த துணியைப் பொறுத்தவரை, அதே பெயிண்டை ஒரு துண்டுத் துணியில் அடித்து, காய்ந்ததும் இஸ்திரி போட்டு, அதே பஞ்சை வைத்துத் தைத்துப் பாருங்கள். நூல் நிறம், ஊசி, தையல் நெருக்கம் எல்லாவற்றையும் அந்தத் துண்டிலேயே மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் முகத்துக்குப் போங்கள்.