எஸ்எஸ்டிவி கேள்வி-பதில்: படம் சாய்ந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்

ரேடியோவில் எஸ்எஸ்டிவியின், அதாவது படத்தை ஒலியாக்கி அனுப்பும் முறையின், சத்தம் நன்றாகக் கேட்கிறது. அதைப் படமாக்கும் மென்பொருளான எம்எம்எஸ்எஸ்டிவியின் வாட்டர்ஃபாலில் (ஒலியின் அலைவெண்களை ஓடவிட்டுக் காட்டும் பகுதி) மட்டும் ஒன்றுமே இல்லை. விண்டோஸ் 10.

மைக்ரோஃபோன் தனியுரிமை அமைப்பில் டெஸ்க்டாப் செயலிகளுக்கு அனுமதி கொடுங்கள். ஒலி கேபிள் வழியே வந்தாலும் விண்டோஸுக்கு அது மைக்தான்.

எந்த மென்பொருள் நல்லது? படம் சரியாக வரவில்லை.

எந்த ரேடியோ, எந்த அலைவரிசை, எந்த மோடு (படத்தை அனுப்பும் வகை), படத்தில் என்ன கோளாறு? இதில் ஒன்றையும் சொல்லாமல் மருந்து கேட்டால் எப்படி? ஒரு நிமிட ஒலிப்பதிவோடு மறுபடி எழுதுங்கள்.

14.230 மெகாஹெர்ட்ஸில் வாங்கும் படங்கள் எல்லாமே வலப்பக்கம் சாய்கின்றன. போட்டோ எடிட்டரில் நேராக்கிச் சேமிக்கிறேன். நிரந்தரத் தீர்வு உண்டா?

உண்டு. முதலில் அந்த எடிட்டரை மூடுங்கள். இந்தப் பழக்கத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் மாதம் நாலு கடிதமாவது வந்துவிடுகிறது. சாய்வு படத்தில் உள்ள குறை அல்ல. உங்கள் சவுண்ட் கார்டின் கடிகாரம் அனுப்பியவரின் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ஸ்காட்டி 1 என்ற மோடில் ஒரு படம் ஏறத்தாழ 110 விநாடி ஓடுகிறது. கடிகாரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே கடைசி வரி வருவதற்குள் 11 மில்லிவிநாடி தள்ளிப் போயிருக்கும். ஒரு புள்ளிக்கு அரை மில்லிவிநாடிகூடக் கிடையாது. ஆக, 320 புள்ளி அகலத்தில் 25 புள்ளி நகர்ந்துவிடும். எடிட்டரில் படத்தைத் திருப்பினால் ஓரம் வெட்டுப்படும், கோடுகள் பிசிறடிக்கும், அடுத்த படமும் அப்படியே சாய்ந்துதான் வரும்.

எம்எம்எஸ்எஸ்டிவியின் அமைப்புகளில் கிளாக் பகுதிக்குப் போங்கள். டபிள்யூடபிள்யூவி போன்ற நேரக் குறியீட்டு நிலையத்தை 10 மெகாஹெர்ட்ஸிலோ, உங்களுக்கு எங்கே கேட்கிறதோ அங்கேயோ பிடித்து, விநாடித் துடிப்புகள் வரையும் கோட்டை நிமிர்த்துங்கள். சில நிமிட வேலை. சவுண்ட் கார்டை மாற்றினால் மறுபடி செய்ய வேண்டும். ஏற்கெனவே வந்த படம் பஃபரில் (மென்பொருள் தற்காலிகமாக வைத்திருக்கும் இடம்) இருந்தால், சிங்க் (வரிகளை ஒத்திசைக்கும் துடிப்பு) பக்கத்தில் சாய்ந்த கோட்டின் இரு முனைகளையும் கிளிக் செய்தால் போதும், படம் நேராக மறுபடி வரையப்படும். பஃபரை அணைத்து வைத்திருந்தால் அந்த வழியும் போச்சு. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஒலியைப் பதிவு செய்து வையுங்கள். ஒலி கையில் இருந்தால் படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஸ்காட்டி படங்கள் இருட்டாகவும் பிடி 120 என்ற மோடின் படங்கள் பச்சையாகவும் வருகின்றன. இரண்டு கோளாறா?

ஒன்றுதான். டியூனிங். கறுப்பு 1500 ஹெர்ட்ஸ், வெள்ளை 2300. உங்களுக்கு எல்லாமே கீழே இறங்கி வருகிறது. ஸ்காட்டி மூன்று நிறங்களையும் தனித்தனியே அனுப்புவதால் மூன்றும் சேர்ந்து மங்குகின்றன. பிடி மோடில் ஒளியளவு தனி, நிற வேறுபாடு தனி. சிவப்பும் நீலமும் குறைந்தால் மிஞ்சுவது பச்சை. யுஎஸ்பியில் (அப்பர் சைட்பேண்ட், கணினியின் யுஎஸ்பி அல்ல) டயலைக் கொஞ்சம் கீழே இறக்கி, சிங்க் துடிப்பு 1200 கோட்டில் உட்காரும்படி வையுங்கள்.

ஒலி பாதியில்தான் காதில் விழுந்தது. மென்பொருள் படத்தைத் தொடங்கவே இல்லை.

மோடு எது என்று தொடக்கத்தில் சொல்லும் விஐஎஸ் குறியீட்டைத் தவறவிட்டீர்கள். மோடு பொத்தானைக் கையால் அழுத்துங்கள். மிச்சப் படம் வரும்.

சர்வதேச விண்வெளி நிலையத்தின் படத்தில் நடுநடுவே பட்டைபட்டையாக இரைச்சல். 145.800 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம்தான் வைத்திருந்தேன். சத்தம் தெளிவாக இருக்கட்டும் என்று இரைச்சல் நீக்கியையும் போட்டேன்.

அதை ஏன் போட்டீர்கள்? அது பேச்சுக்கென்று செய்தது. எஸ்எஸ்டிவியின் ஒலி அதற்கு இரைச்சலாகத்தான் தெரியும், பிடித்துத் தின்றுவிடும். விண்டோஸின் ஒலி மேம்பாடு, தானியங்கி ஒலியளவு எல்லாவற்றையும் அணையுங்கள். ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் வசதி) முழுக்கத் திறந்து வையுங்கள். சிக்னல் ஒரு கணம் தாழ்ந்தாலும் ஸ்குவெல்ச் மூடிக்கொள்ளும், அங்கே ஒரு பட்டை விழும். நிலையம் வேகமாக நகர்வதால், டாப்ளர் விளைவில் அலைவெண் 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும். எஸ்டிஆரில் (மென்பொருளால் இயங்கும் ரேடியோ) வடிகட்டியை மிகக் குறுக்கியிருந்தால் ஓரம் வெட்டுப்படும். அதை அகலமாகவே வையுங்கள். ஆன்டெனாவைக் கையில் பிடித்திருந்தால் நிலையத்தின் பக்கம் திருப்பிக்கொண்டே இருங்கள்.

பிடி 120-ல் ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம், நடுவில் இடைவெளி வேறு. நிலையம் தலைக்கு மேல் பத்து நிமிடம்தான், அதற்குள் முழுதாக இரண்டு படம் கிடைத்தாலே நல்ல வேட்டை. நிலையம் அடிவானத்துக்கு மேலே வருவதற்கு முன்பே ஒலிப்பதிவைத் தொடங்கிவிடுங்கள். அளவுமானி சிவப்பைத் தொடக் கூடாது.