நெசவுப் பெண்களுக்காக வைக்கும் கலை விழாவால் அவர்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

மட்டக்களப்பில் இரண்டு நாள் கலை விழா வைத்து, நெசவுப் பெண்களுக்கும் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் ஸ்டோல் போட்டு விற்க இடம் கொடுக்க நினைக்கிறோம், அதனால் அவர்கள் கைக்கு ஏதும் சேருமா என்று கேட்டிருந்தீர்கள். அப்படியொரு விழாவில் இரண்டு வருடம் ஸ்டோல் பக்கம் ஓடித் திரிந்தவள் நான். சேரும். ஆனால் விற்கிற துணி அந்தப் பெண்ணின் சொந்தத் துணியாக இருக்க வேண்டும்.

முதல் வருடம் எனக்கு இது விளங்கவில்லை. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனையில் தறிச் சத்தம் கேட்ட வீடொன்றுக்குள் போய், நெய்துகொண்டிருந்த அக்காவிடம், "ராத்தா, நீங்க நெய்யிற சேலையெல்லாம் கல்லடி விழாவுக்குக் கொண்டுவாங்க, நல்லா விக்கும்" என்றேன். அவர் தறியை நிறுத்தாமலே சொன்னார்: "இது என்ட இல்ல புள்ள. நூல் தந்தவங்கட சாமான். எனக்குக் கூலிதான்."

நூலை முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி. பஞ்சு நூல் வெளிநாட்டிலிருந்து வருவது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, சொந்த நூலில் நெய்துகொண்டிருந்த எனக்குத் தெரிந்த ஒருவரும் கூலிக்கு நெய்யப் போய்விட்டார். ஆகவே அந்த முதல் விழாவில் ஸ்டோலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்கள். பெனரில் தறியில் இருக்கும் ஒரு பெண்ணின் படம். மேசைக்குப் பின்னால் ஒரு நெசவுகாரி இல்லை. படம் மட்டும் நல்ல வடிவு.

அடுத்த முறை விழாவுக்கு மூன்று மாதம் முன்னமே ஐந்து பேருக்கு நூலை முற்பணமாக வாங்கிக் கொடுத்தோம். விற்ற பிறகு நூற்காசைக் கழித்தோம், மிச்சம் முழுக்க அவர்களுக்கு. நான் திரும்பவும் விழா வைத்தால் மேடை, லைட் எல்லாவற்றுக்கும் முன்னர் இந்த நூற்காசைத்தான் ஒதுக்குவேன்.

இன்னொன்று, தறியையே கொண்டுவந்தோம். குழித்தறி தரைக்குழியில் பதித்தது, அதைக் கிளப்ப முடியாது. ஆகவே மரச்சட்டத்தில் நிற்கும் சட்டத்தறி ஒன்றைக் கழற்றி சின்ன பட்டா லொறியில் ஏற்றினோம். வழியில் குலுங்கியதில் பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் கட்டிய இழைகள், தளர்ந்து, கட்டி நிமிர்த்தவே அரை நாள் போய்விட்டது. தறியோடு வந்த ராத்தா ஒரு வார்த்தை ஏசவில்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை! அறுந்த இழையின் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, மற்ற நுனியோடு சேர்த்து, கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போடுவார். அங்குலத்துக்கு 60 இழை என்றால் 46 அங்குல அகலச் சேலைக்கு 2,760 பாவு இழை. ஒவ்வொன்றையும் இழையைத் தூக்கி இறக்கும் விழுதுக்குள்ளும், சீப்புப் போன்ற அச்சின் பல்லுக்குள்ளும் கையால்தான் கோர்க்க வேண்டும். நெய்யத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

இதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் விலை குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதுவரை "டவுன்ல இதைவிட மலிவு" என்று நின்ற ஒரு அம்மா, தறியின் மிதியை ஒரு தரம் காலால் மிதித்துப் பார்த்துவிட்டு இரண்டு சாறன் வாங்கிக்கொண்டு போனார். டவுனில் மலிவாகக் கிடைப்பது விசைத்தறித் துணி என்று நாங்கள் சொல்லவேண்டி வரவில்லை.

பன் புல்லில் பாய் இழைக்கிறவர்களுக்கு இந்த முதலாளிச் சிக்கல் குறைவு. எங்களிடம் வந்தவர்கள் பன்னைத் தாங்களே வெட்டிக் காயவைத்துச் சாயம் போட்டவர்கள். ஓவியம் போடுகிற பிள்ளைகளும் எப்படியோ சமாளித்துவிடுவார்கள். அவர்களுக்கு நல்ல வெளிச்சமான இடம் கொடுங்கள், போதும்.

சொல்ல மறந்த ஒன்று, கூத்து. எங்கட பக்கத்து ஆட்டமும் பாட்டுமான வடமோடிக் கூத்தை நாங்கள் ஏழு மணிக்கு வைத்தோம். மத்தளச் சத்தம் கேட்டதும் ஸ்டோல் பக்கம் ஒரு குருவி இல்லை. வேலை விட்டு ஆக்கள் வருகிற நேரமே அதுதான். ஒன்பதுக்கு வையுங்கள், எங்கட ஊரில் கூத்துக்கு அது பிந்தின நேரமும் இல்லை. தூரத்திலிருந்து வருகிற பெண்களுக்குத் திரும்பிப் போக வான் வண்டியும் இப்போதே பேசிவையுங்கள். எங்களுக்கு அந்த யோசனை இரவு பத்து மணிக்குத்தான் வந்தது.