மூடியில்லாத சட்டி

கேள்வி: ஐந்து வயது மகனுக்குத் தடிமன். கற்பூரவள்ளி இலையை அரை மணித்தியாலம் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். ஒரு சுகமும் இல்லை. இந்த இலையில் உண்மையாகவே மருந்து இருக்கிறதா?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: இலை இருக்கட்டும். அந்த அரை மணித்தியாலத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

கற்பூரவள்ளியின் குணம் அதன் மணத்தில் இருக்கிறது. இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் கார்வக்ரோல், தைமோல் என்ற எண்ணெய்ப் பொருள்கள் உண்டு. ஓமத்தின் நெடியும் தைமோலால் வருவதுதான். கார்வக்ரோல் தனியே கொதிக்க 237 பாகை செல்சியஸ் வேண்டும். தண்ணீரோடு சேர்ந்தாலோ 100 பாகைக்குள்ளேயே ஆவியோடு கிளம்பிவிடும். கறுவா இலை எண்ணெய் வடிக்கிறவர்கள் அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிக்கிறார்கள். நம் குசினியில் அது கூரைக்குப் போகிறது. வீடு முழுக்க மணந்தால் மருந்து நன்றாக அவிந்துவிட்டது என்று நினைக்கிறோம். அந்த மணம் சட்டியை விட்டுப் போன மணம்.

எதை அவித்தாலும் “எட்டுக்கொன்றாக வற்றட்டும்” என்கிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு. வேருக்கும் பட்டைக்கும் அந்தக் கணக்குச் சரி. இறுகிய நாருக்குள் இருப்பது இறங்க நேரம் வேண்டும். சதைப்பற்றான பச்சிலைக்கு அது பொருந்தாது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிக்கும்போதுகூடச் சட்டிக்கு மூடி வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தரம் எழுதுவது!

ஐந்தாறு இலையைக் கழுவிக் கிழித்துக் கோப்பையில் போடுங்கள். கொதித்த தண்ணீரை இறக்கி ஊற்றி, உடனே தட்டால் மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். தட்டின் அடியில் வியர்த்திருக்கும் துளிகளையும் கோப்பைக்குள்ளேயே தட்டிவிடுங்கள், மணம் அதிலும் இருக்கிறது. சாறாகக் கொடுப்பதென்றால் இரண்டு மூன்று இலையைத் தோசைக்கல்லில் துவளும் வரை மட்டும் வாட்டிப் பிழிந்து, ஒரு தேக்கரண்டிச் சாற்றுக்கு அரைத் தேக்கரண்டி தேன். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் சிசுவின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும்.

தடிமன் வைரசால் வருவது. இந்த இலை அதைக் கொல்லாது. தொண்டைக்கு இதம் தரும், அவ்வளவுதான். காய்ச்சல் மூன்றாம் நாளும் விடாமல் இருந்தால் இலையை வைத்துவிட்டு இரத்தம் சோதிக்கப் போங்கள். டெங்கு உள்ள ஊர் நம்முடையது.

குடிக்க மாட்டேன் என்கிற பிள்ளை பச்சடியாகத் தின்னும். மட்டக்களப்பு எருமைத் தயிர் பக்கத்தில் இருக்க வேறென்ன வேண்டும்? பத்து இலையை ஈரமறத் துடைத்து ஒரு தேக்கரண்டி எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்குங்கள். துடைக்காவிட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும். இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, நாலு சின்ன வெங்காயம், உப்பு சேர்த்து அரைத்து ஒரு கோப்பைத் தயிரில் கலக்குங்கள். பெரியவர்களுக்கு ஒரு பச்சை மிளகாய். நன்றாக ஆறவிட்டே அரைக்க வேண்டும். சூட்டோடு கலந்தால் தயிர் திரைந்து நீர் விட்டுவிடும்.

யன்னலில் ஒரு சாடி வைத்தால் நுளம்பு வராது என்று விற்கிறார்களே, அதை நம்பாதீர்கள். கசக்காத இலை நுளம்பை விரட்டுமளவுக்கு மணம் விடாது.

சாடி வைப்பதானால் சமையலுக்காக வையுங்கள். நாலு அங்குலத் தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஒரு நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள். பாதி மணல், பாதி கூட்டெரு. கச்சான் காற்றுக்காலத்தில் மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். கார்த்திகை மழை தொடங்கியதும் சாடியைத் தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். வேரில் தண்ணீர் தேங்கினால் தண்டு அடியிலிருந்து கறுத்து அழுகும். அழுகினாலும் நுனி பச்சையாக இருந்தால் வெட்டித் திரும்ப நடலாம்.