செட்டிநாட்டு வீட்டுத் தூண்கள் படத்தில் ஏன் சாய்கின்றன?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டைத் தெருவிலிருந்து எடுத்தால் முகப்புத் தூண்கள் உள்பக்கம் சாய்கின்றன. தாழ்வாரத்தில் எடுத்தால் காலடி ஆத்தங்குடிக் கல் பளிச்சென்று வருகிறது, கடைசிக் கதவு மங்கிவிடுகிறது. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் வாங்கலாமா?

பதில்: இவை இரண்டும் வேறு வேறு சிக்கல்கள். ஷிஃப்ட் (லென்ஸை நகர்த்துவது) தூணுக்கு, டில்ட் (லென்ஸைச் சாய்ப்பது) தாழ்வாரத்துக்கு.

தூண் சாயக் காரணம், மாடியும் படத்தில் வரட்டும் என்று நீங்கள் கேமராவை அண்ணாந்து பிடிப்பது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் சுவருக்கு இணையாக நின்றால் நேர்க்கோடு நேராகவே விழும். ஷிஃப்ட் லென்ஸில் கேமராவை மட்டமாக வைத்துவிட்டு, குமிழைத் திருகி லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். கேனனின் 24 மி.மீ (குவியத் தூரம்) டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் 12 மி.மீ நகரும். முழு ஃபிரேம் எனப்படும் பெரிய சென்சாரின் உயரமே 24 மி.மீதான், 12 அதில் பாதி. ஆக, படுக்கைவாட்டுப் படத்தில் நடுவில் இருந்த கண்மட்டக் கோடு அடி விளிம்புக்கே இறங்கிவிடும். வெறும் தெரு போய், அந்த இடத்தில் சுதைச் சிற்பங்கள் வந்து உட்காரும். மென்பொருளிலும் நிமிர்த்தலாம். ஆனால் மேல்பகுதி இழுபட்டு, நுணுக்கமான சுதை வேலைதான் முதலில் அடிபடும். எதிர்வீட்டு மாடியில் இடம் கிடைத்தால் சாதாரண லென்ஸே போதும்.

தாழ்வாரத்துக்கு வருவோம். டில்ட் என்பது லென்ஸையே சாய்ப்பது. அப்போது ஃபோகஸ் தளமும், அதாவது மிகக் கூர்மையாக விழும் தளமும், சாய்ந்து தரையோடு படுத்துக்கொள்ளும். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், 24 மி.மீ லென்ஸுக்கு ஏறக்குறைய 1 டிகிரி போதும். பூக்கல் வரிசை முழுவதும் கூர்மையாக வரும். ஆனால், நான் ஒருமுறை லென்ஸில் ஒளி நுழையும் துளையை நன்றாகத் திறந்து வைத்து அப்படி எடுத்தபோது, பக்கத்துத் தேக்குத் தூணின் அடி கூர்மையாகவும் தலை மங்கலாகவும் வந்தது. தெளிவு கிடைக்கும் பகுதி ஆப்பு வடிவில் இருக்கும். கேமராவுக்கு அருகே மிகவும் மெல்லியது.

அதனால் உங்களுக்கு டில்ட் வேண்டாம். முழு ஃபிரேம் கேமராவில் சாதாரண 24 மி.மீ லென்ஸை எஃப் 11-இல், அதாவது துளையைச் சுருக்கி வைத்து, 2 மீட்டரில் ஃபோகஸ் செய்யுங்கள். சுமார் ஒரு மீட்டரிலிருந்து கடைசிக் கதவு வரை தெளிவாக வரும். வெளிச்சம் குறையும், டிரைபாட் கட்டாயம்.

சரி, முகப்புக்கு? ஒரே வீட்டுக்காக விலை கொடுத்து வாங்காதீர்கள், இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். அந்தக் கேனன் லென்ஸில் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. திரையில் பெரிதாக்கி, கையாலேயே ஃபோகஸ் செய்யுங்கள்.