மின் கட்டணம்: முடிவு யார் கையில்?

கேள்வி: கட்டணத்தை ஏற்றுவது ஆணையம், இலவச யூனிட் தருவது அரசு. அப்படியென்றால் ஆணையம் பெயருக்குத்தானா? (வாசகர், திண்டுக்கல்)

கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்தான். சலுகை தர விரும்பும் அரசு, அதற்கான பணத்தை மின்வாரியத்துக்கு முன்கூட்டியே கட்டவேண்டும் என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 65-ஆவது பிரிவு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. பணம் வராவிட்டால் சலுகை செல்லாது, ஆணையம் போட்ட முழுக் கட்டணமே பொருந்தும். அதைச் சொல்லி வீடுகளில் வசூலிக்க எந்த வாரியம் துணியும்?

ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. வாரியம் கட்டண மனு போட்டால்தான் வழக்கமாக ஆணையம் கணக்கைத் திறக்கும். வாரியமோ அரசின் சொத்து. தேர்தல் நெருங்கும்போது மனு தயாராகாது. மனு வராவிட்டால் ஆணையமே தானாக எடுத்து விசாரிக்க வேண்டும் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே உத்தரவிட்டது. இருந்தும் இங்கே 2014 டிசம்பர் உயர்வுக்குப் பிறகு அடுத்த உயர்வு 2022 செப்டம்பர் 10-இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்து நஷ்டம் கடனானது, கடனுக்கு வட்டி ஏறியது. அந்த வட்டியும் கட்டணக் கணக்கில் வந்து உட்காரும்.

கேள்வி: பிடிக்காத ஆணையத் தலைவரை அரசு நீக்கிவிடலாமா? (வாசகர், வவுனியா)

உங்கள் நாட்டில் நடந்ததே. 2023 பெப்ரவரியின் 66 சதவீத மின் கட்டண உயர்வை எதிர்த்த ஜானக ரத்நாயக்கவை, கட்டணத்தை ஒழுங்குபடுத்தும் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவர் பதவியிலிருந்து அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றம் 123-க்கு 77 என்ற வாக்கில் நீக்கியது. ஆணைக்குழு அதோடு படுத்துவிடவில்லை: 2025 ஜனவரியில் மின்சார சபை கட்டணத்தில் மாற்றம் வேண்டாம் என்றபோது, ஆணைக்குழு 20 சதவீதம் குறைத்தது. இந்தியாவில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத் தலைவர் விசாரித்த பிறகே மாநில ஆணைய உறுப்பினரை நீக்கமுடியும். அந்தச் சிரமம் எதற்கு? காலியிடத்தை நிரப்பாமல் இழுத்தடித்தாலே போதும்.

கேள்வி: கட்டண மனுவை நான் எதிர்க்க முடியுமா? (வாசகர், சேலம்)

முடியும். அறிவிப்பில் சொன்ன கடைசித் தேதிக்குள் எழுத்தில் கொடுங்கள். ‘ஏற்றாதீர்கள்’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. மனுவில் மின் கொள்முதல் செலவு, மின் இழப்பு சதவீதம், வட்டி ஆகிய மூன்றையும் முந்தைய ஆணையில் அனுமதித்த எண்ணோடு ஒப்பிட்டு, வித்தியாசத்துக்குக் காரணம் கேளுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் அதையே பேசுங்கள். ஆணை திருப்தியில்லை என்றால் 45 நாளுக்குள் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.