உள்ளாட்சித் தேர்தலில் நிற்கணும், மனு எப்படிப் போடுவது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

போன வாரம் "வேட்புமனு பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். 2019-ல் எங்கள் ஒன்றியத்திலும், 2022-ல் பக்கத்துப் பேரூராட்சியிலும் பலருக்கு மனு நிரப்ப உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணே, எனக்கு 24 வயது. எந்தக் கட்சியிலும் இல்லை. எங்கள் ஊராட்சியில் வார்டு உறுப்பினருக்கு நிற்க முடியுமா?

தாராளமாக நிற்கலாம் தம்பி. 21 வயது நிறைந்திருந்தால் போதும். கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினர், தலைவர் இரண்டு பதவிக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. பூட்டு சாவி, ஆட்டோ மாதிரி மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் சின்னங்களில் ஒன்றைத்தான் எல்லோருக்கும் கொடுப்பார்கள். ஒரே சின்னத்தை இரண்டு பேர் கேட்டால் குலுக்கல். ஒன்றிய வார்டும் மாவட்ட ஊராட்சி வார்டும்தான் கட்சி அடிப்படையில் நடக்கும். அங்கேயும் சுயேச்சையாக நிற்கத் தடை இல்லை.

வயது ஒரு தடையே இல்லை என்பதற்கு மேலூர் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2019 டிசம்பர் தேர்தலில் 79 வயது வீரம்மாள் அங்கே தலைவராக ஜெயித்தார்.

கேள்வி: வாக்காளர் பட்டியலில் என் பெயர் 3-வது வார்டில் இருக்கிறது. 5-வது வார்டில் நிற்கலாமா? முன்மொழிய யாரைக் கூட்டிப் போவது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மனு தள்ளுபடி ஆனதை நான் நேரில் பார்த்தது இந்த இடத்தில்தான்.

நீங்கள் அந்த ஊராட்சியின் வாக்காளராக இருந்தால் போதும், வேறு வார்டில் நிற்கலாம். ஆனால் உங்களை முன்மொழிகிறவர் நீங்கள் நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். ஒரே ஒருவர் போதும், ஆனால் அவர் பெயர் அந்த வார்டுப் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

2019-ல் என் நண்பர் ஒருவர் தன் சித்தப்பாவை முன்மொழியக் கூட்டிப் போனார். தெரு ஒன்றுதான். ஆனால் தெருவின் வடபக்கம் ஒரு வார்டு, தென்பக்கம் இன்னொரு வார்டு. சித்தப்பா வீடு தென்பக்கம். பரிசீலனை நாளில்தான் அது தெரிந்தது, மனு போய்விட்டது. மனுவை நிரப்பிக் கொடுத்தது நான்தான். பட்டியலைத் திறந்து ஒரு தடவை பார்த்திருந்தால் அவர் நின்றிருப்பார். அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

அதனால் வாக்காளர் பட்டியலின் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் பெயர், முன்மொழிபவர் பெயர், பாகம் எண், வரிசை எண் எல்லாவற்றையும் பார்த்து எழுதுங்கள். ஞாபகத்தில் எழுதாதீர்கள். உள்ளாட்சிப் பட்டியல் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலிலிருந்து வார்டு வாரியாகப் பிரித்து எடுப்பது. பெயர் இல்லை என்றால் படிவம் 6, வீடு மாறியிருந்தால் படிவம் 8. தேர்தல் தேதி அறிவிக்கும் வரை காத்திருக்காமல் இப்போதே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டெபாசிட் எவ்வளவு?

2019-லும் 2021-லும் கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், ஊராட்சித் தலைவருக்கும் ஒன்றிய வார்டுக்கும் 600, மாவட்ட ஊராட்சி வார்டுக்கு 1,000. 2022 நகர்ப்புறத் தேர்தலில் பேரூராட்சிக்கு 1,000, நகராட்சிக்கு 2,000, மாநகராட்சிக்கு 4,000. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு இதில் பாதி. பொது வார்டில் நின்றாலும் அவர்களுக்குப் பாதிதான். சாதிச் சான்றிதழ் நகலை மறக்காமல் இணையுங்கள். அடுத்த தேர்தலுக்கான தொகையை அறிவிக்கை வரும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கீடு ஆகியிருக்கிறது. "நீ கையெழுத்து மட்டும் போடு, மற்றதை நாங்க பார்த்துக்கிறோம்" என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

அம்மா, முதலில் மனுவை நீங்களே உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். மனுவோடு உறுதிமொழி கொடுக்க வேண்டும். குற்ற வழக்கு உண்டா, சொத்து என்ன, கடன் என்ன, என்ன படித்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கையெழுத்து உங்களுடையது என்றால் பொறுப்பும் உங்களுடையது. வேறு யாரோ நிரப்பிய தாளுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரக்கூடாது.

ஜெயித்த பிறகும் இதேதான். ஊராட்சிக் கணக்கில் காசோலை என்றால் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். எதற்குப் போடுகிறோம் என்று தெரியாமல் போட்டால் நாளைக்குத் தணிக்கையில் கேள்வி உங்களைத்தான் கேட்பார்கள், வீட்டுக்காரரை இல்லை.

2016-ல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. நீங்கள் நில்லுங்கள், ஆனால் நீங்களாகவே நில்லுங்கள். தேர்தலுக்கு முன்பே இரண்டு கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்தில் பல நாள் நடக்கிறது. வரவு செலவை அங்கே வாசிப்பார்கள், கேட்டாலே பாதி புரிந்துவிடும். உங்களுக்குப் படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்றால் சொல்லுங்கள், என் மனைவியும் நானும் வந்து உதவுகிறோம்.

கேள்வி: வரி பாக்கி இருந்தால் பிரச்சினையா? அரசுப் பள்ளி ஆசிரியர் நிற்கலாமா?

அரசு ஊழியர் பணியில் இருந்துகொண்டு நிற்க முடியாது. ஊராட்சியோடு ஒப்பந்தம் எடுத்திருப்பவருக்கும் தடை உண்டு. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் எல்லாவற்றையும் கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். எதிராளி ஆட்சேபம் கிளப்ப முதலில் தேடுவது இதைத்தான்.

கேள்வி: ஊர்க் கூட்டத்தில் தலைவர் பதவியை ஏலம் விட்டுவிட்டார்கள். "வேற யாரும் மனு போடக்கூடாது" என்கிறார்கள். நான் போடலாமா?

போடலாம். போட வேண்டும். ஏலத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. மனு திரும்பப் பெறும் நேரம் முடிந்த பிறகு ஒரே ஒருவர் மிச்சம் இருந்தால்தான் அவர் போட்டியின்றித் தேர்வானதாக அலுவலர் அறிவிப்பார். அதற்கு முன்னால் யாரும் யாரையும் தலைவர் ஆக்க முடியாது.

மிரட்டல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் கொடுங்கள், மாவட்டத் தேர்தல் அலுவலர் அவர்தான். ரசீது வாங்குங்கள். மனு போடத் தனியாகப் போகாதீர்கள், கூட நாலு பேரைக் கூட்டிப் போங்கள்.

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல் இந்த நாலு ஊராட்சியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. 1996-க்குப் பிறகு பத்து வருஷம் அங்கே ஒரு தலைவரை நிலைக்க விடவில்லை. மனு போட விட மாட்டார்கள், மீறித் தேர்வானாலும் உடனே ராஜினாமா செய்ய வைப்பார்கள். 2006-ல்தான் முறையாகத் தலைவர்கள் வந்தார்கள். அதே மதுரை மாவட்டத்து மேலவளவில் 1997-ல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டியே கொன்றார்கள். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் ஆட்சியர், காவல்துறை இரண்டு இடத்திலும் முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு மனு போடுங்கள் என்கிறேன்.

கேள்வி: பேரூராட்சியில் கட்சி சீட் வாங்குவது எப்படி?

கட்சி அறிவிக்கும்போது விருப்ப மனு கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். அப்புறம் நேர்காணல். பெரும்பாலும் மாவட்டச் செயலாளர் சொல்வதுதான் நடக்கும். வார்டில் வேலை செய்த ஆளுக்குச் சீட் கிடைக்காமல் போவதையும் பார்த்திருக்கிறேன். பெயர் அறிவித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதிக் கொடுக்கும் ஏ, பி படிவங்கள் குறித்த நேரத்துக்குள் தேர்தல் அலுவலர் கைக்குப் போய்ச் சேரவில்லை என்றால் கட்சிச் சின்னம் கிடைக்காது.

கேள்வி: நான் மாற்றுத்திறனாளி. தேர்தலில் நிற்காமலே உறுப்பினர் ஆகலாம் என்கிறார்களே?

உண்மைதான். 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய திருத்தங்கள்படி உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக வைக்கிறார்கள். விண்ணப்பம் கேட்கும்போது கொடுங்கள். தேர்தலில் நிற்கும் உரிமையும் உங்களுக்கு அப்படியே இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

கேள்வி: மனு கொடுக்க எத்தனை நாள் கிடைக்கும்? கடைசி நாளில் கொடுக்கலாமா?

2019-ல் டிசம்பர் 9 முதல் 16 வரை வாங்கினார்கள். 17 பரிசீலனை, 19 திரும்பப் பெறக் கடைசி நாள். கடைசி நாள் வேண்டாம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கொடுத்தால், ஏதாவது விட்டுப்போனது தெரிந்தாலும் சரி செய்ய நாள் மிச்சம் இருக்கும்.

தோற்றாலும் ஜெயித்தாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். போன முறை வார்டு உறுப்பினருக்கு உச்சவரம்பு 9,000, ஊராட்சித் தலைவருக்கு 34,000. கணக்குக் கொடுக்காதவரை மூன்று வருஷம் நிற்க முடியாதபடி தகுதி நீக்கம் செய்யலாம். டீ வாங்கிக் கொடுத்த சீட்டு முதற்கொண்டு ஒரு நோட்டில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள்.